எசப்பாட்டுத் தெம்மாங்கை மேடையேத்த: சுருதி, நடை, பறைச்சூடு, உரிமை

#1 வைகைக்கரை

வணக்கம். மதுரைப் பக்கத்துத் தெம்மாங்கு ஒன்றை ஆண்–பெண் எசப்பாட்டாக (ஒருவர் கேள்வி, மற்றவர் பதில் என்று மாறிமாறிப் பாடுவது) கல்லூரி விழாவில் பாட இருக்கிறோம். முன்பாட்டுக்கு ஒரு ஆண், ஒரு பெண். பின்பாட்டுக்கு மூன்று பேர். பறை இரண்டு, உறுமி ஒன்று, கிதார் ஒன்று. மூடிய அரங்கம், ஏசி உண்டு, உள்ளே நெருப்பு மூட்டக் கூடாது. ஏறி இறங்குவதையும் சேர்த்து எட்டு நிமிடம்.

இந்த மெட்டு சினிமாவிலும் வந்திருப்பதால் அந்த வடிவம்தான் எல்லோர் காதிலும் இருக்கிறது. கரோக்கி போட்டுப் பாடிவிடலாம் என்று குழுவில் பாதிப் பேர் சொல்கிறார்கள். சுருதி, நடை, கிதார், பறையைச் சூடேற்றுவது, பதிவேற்றினால் வரும் உரிமைச் சிக்கல் இதிலெல்லாம் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கட்டைக்கணக்கு

கரோக்கி வேண்டாம் தம்பி. அது சினிமாக்காரங்க சுருதி, அவங்க வேகம். கையில பறையும் உறுமியும் வச்சிக்கிட்டு டப்பாவுல இருந்து வர்ற தாளத்துக்குப் பின்னாடி ஓடணுமா?

சுருதி பிடிக்கிறப்ப எல்லாரும் பண்ற தப்பு, கண்ணியை, அதாவது ரெண்டு வரிப் பாட்டடியை, வசதியா பாடிப் பாத்துட்டு அதையே வச்சுக்கறது. தொடக்கத்துல தாளம் இல்லாம ஒரு இழுப்பு வருமே, அந்தக் கூவல்தான் பாட்டோட உச்சம். பெரும்பாலும் மேல் ஸட்ஜத்துல (மேல் ‘ஸ’) நிக்கும். சிலர் அதுக்கும் மேல ரிஷபம் (ரி), காந்தாரம் (க) தொட்டுட்டு இறங்குவாங்க. அதனால கூவலை முதல்ல நிறுத்துங்க. மேல் ஸட்ஜத்தை நாலு எண்ணிக்கை பிடிச்சு, மூச்சு வாங்கி, மறுபடி பிடிச்சு, இப்படி மூணு தடவை. மூணாவது தடவையும் வாய் திறந்தபடியே, குரல் ஒடுங்காம வந்தா அது உங்க சுருதி. ஒடுங்கினா அரைக் கட்டை (ஹார்மோனியக் கட்டையை வச்சுச் சுருதி எண்ணுற கணக்கு) இறக்குங்க.

தனித்தனியா பாடினா ஆணுக்கு 1 முதல் 2 கட்டை, பெண்ணுக்கு 4½ முதல் 6ங்கிறது கச்சேரிக் கணக்கு. எசப்பாட்டுல ரெண்டு பேருக்கும் ஒரே சுருதி, நடுவுல மாத்த முடியாது. 3 கட்டை அல்லது 4 கட்டையில முயற்சி பண்ணுங்க. 4 கட்டைன்னா மேல்நாட்டுக் கணக்குல எஃப் சுரம். நடு ஸட்ஜம் ஏறக்குறைய 175 ஹெர்ட்ஸ், மேல் ஸட்ஜம் 349. ஆணுக்கு இது உச்சிக்குரல்தான், ஆனா வயக்காட்டுல எதிர்வரப்புக்குக் கேக்கப் பாடுற பாட்டு அப்படித்தான் இருக்கும். பெண்ணுக்கு மேல வசதி. கீழ, நடு ஸட்ஜத்துக்குக் கீழ இறங்குற இடங்கள்ல சத்தம் கரைஞ்சிடும். அந்த இடத்தைப் பின்பாட்டுக்குக் கொடுங்க, இல்லேன்னா இறங்காம ஸட்ஜத்துலயே நிறுத்தி முடிங்க.

#3 வைகைக்கரை

நன்றி அண்ணே. ஒரு பழைய கேசட் பதிவை வைத்துத்தான் பழகுகிறோம். அதில் சுருதி 3க்கும் 4க்கும் நடுவில் நிற்கிறது. மூன்றரை என்று வைத்துக்கொள்ளலாமா?

#4 கட்டைக்கணக்கு

மூன்றரைக் கட்டைன்னு ஒண்ணு கிடையாது. 3 ஈ, 4 எஃப். ரெண்டுக்கும் நடுவுல கறுப்புக் கட்டையே இல்லை. ஏழரையும் அதே கதைதான், ஜாதகத்துல மட்டும்தான் உண்டு. கேசட்டு ஓடுற வேகம் கொஞ்சம் கூடக்குறைய இருந்தா சுருதி இப்படி நடுவுல போய் நிக்கும். அதுக்குச் சமமா கிதாரை முறுக்காதீங்க. மெட்டை மட்டும் எடுத்துக்கிட்டு 3லயோ 4லயோ உக்காருங்க.

#5 தோல்வாசி

நடையைப் பற்றி. நீங்கள் சொல்லும் மெட்டு திஸ்ரம் என்று எடுத்துக்கொள்கிறேன். தகிட தகிட என்று மும்மூன்றாக ஓடுவது, மேல்நாட்டுக் கணக்கில் ஆறுக்கு எட்டு. சினிமா வடிவத்தைக் கேட்டுப் பழகிய குழுக்கள் கெடுப்பது இங்கேதான். டிரம் பாணியில் நான்கு நான்காக நேர்ப்படுத்திவிடுவார்கள். சொற்களும் மெட்டும் அப்படியே இருக்கும், ஆனால் உடம்பு ஆடாது. கும்மியடிப்பவரின் கால் மூன்றில் ஒன்று எடுத்து வைக்கும். நான்காக்கினால் அந்தக் கால் தடுக்கும்.

சோதனை எளிது. பாடுபவர் பாடட்டும், மற்றவர்கள் ஒவ்வொரு ‘த’வுக்கும் ஒரு தட்டு மட்டும் தட்டுங்கள். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் ‘கிட’ தானாக வாயில் வந்தால் திஸ்ரம் உயிரோடு இருக்கிறது. ‘கதிமி’ வந்தால் போச்சு.

வேகம்: ‘த’வுக்கு ஒரு துடிப்பு என்று கொண்டால் நிமிடத்துக்கு 88இல் தொடங்கி, பாதியில் 92, கடைசிக் கண்ணியில் 98. நாட்டுப்புறத்தில் வேகம் தானாக ஏறும், அது பிழையில்லை. ஆனால் பறைக்காரர் ஏற்ற வேண்டும், பாடுபவர் பின்தொடர வேண்டும். மாறி நடந்தால் நாலாம் கண்ணியில் சொல் விழுங்கும். பழகும்போது கிளிக் ஒலி (மெட்ரனோம்) போடுங்கள், மேடையில் வேண்டாம்.

எடுப்பை (பாட்டு தொடங்கும் இடத்தை) கவனியுங்கள். இந்த வகை மெட்டுகள் பலவும் சமத்தில் (தாளச் சுற்றின் முதல் துடிப்பில்) தொடங்குவதில்லை, ஒரு ‘த’ தள்ளியோ, ‘கிட’வில் நுழைந்தோ தொடங்கும். பறை சமத்தில் இறங்கியதும் பாடுபவரும் சேர்ந்து இறங்கினால் வரி முழுக்க ஒரு துடிப்பு முன்னால் ஓடி, முடிப்பில் வந்து முட்டும். பிழை எங்கே என்று முடிப்பில் தேடுவார்கள். அது தொடக்கத்தில் இருக்கும்.

இரண்டு பறையும் ஒன்றையே அடிக்க வேண்டாம். ஒருவர் முதல் ‘த’வை அடிக்குச்சியால் நடுத்தோலில், ‘கிட’வைச் சுண்டுக்குச்சியால் ஓரத்தில். இன்னொருவர் முதல் தகிடவை விட்டு இரண்டாவதில் மட்டும் அழுத்தம். பாட்டு நடக்கும்போது நடுத்தோல் அடியைக் குறைத்துவிடுங்கள், சொல் கேட்காது. உறுமி கண்ணிக்கு நடுவில் பேச வேண்டாம். கண்ணி முடிந்து அடுத்தது வரும் இடைவெளியில் அதன் தேய்ப்பு வரட்டும்.

#6 கம்பித்தந்தி

கிதாருக்கு வருவோம். மெட்டுல காந்தாரம் பெருசா, நிஷாதம் சின்னதா (கைசிகி) இருந்தா ஹரிகாம்போதி ராகச் சாயல். 4 கட்டையில பாடுறீங்கன்னா மூணாவது ஃப்ரெட்ல கேப்போ (எல்லாக் கம்பியையும் சேத்து அழுத்துற கவ்வி) போட்டு டி, சி, ஜி கார்டு வடிவங்களைப் பிடிங்க. கேக்குறது எஃப், ஈ ஃப்ளாட், பி ஃப்ளாட். தெம்மாங்குக்கு இந்த மூணே தாராளம்.

மாட்டிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. பழக்கதோஷத்துல வரி முடியிறப்ப ‘ஏ’ வடிவத்தைப் பிடிப்பீங்க. கேப்போவோட அது சி மேஜர், அதுக்குள்ள ஈ இருக்கு, அதாவது காகலி, பெரிய நிஷாதம். பாடுறவங்க ஈ ஃப்ளாட் பாடிட்டு இருப்பாங்க. ரெண்டும் அரை சுரம் தள்ளி உரசும், சபைக்கு ‘பாட்டு சுருதி சேரல’ன்னு தோணும், பழி பாடுறவங்க மேல. அங்க ‘ஏ மைனர்’ பிடிங்க, இல்ல நடுவுல இருக்கிற சுரத்தை விட்டுட்டு முதலும் அஞ்சாவதுமா ரெண்டு சுரம் மட்டும்.

காந்தாரமும் சின்னதா இருந்தா கரகரப்பிரியா சாயல். டி மைனர் வடிவம், சி, ஜி. இங்க ஜி மேஜராவே இருக்கணும், மைனராக்கினா தைவதம் இறங்கி வேற ஊருக்குப் போயிடும். வீச்சு ஆறாவே போகட்டும்: கீழ்-மேல்-கீழ், மேல்-கீழ்-மேல்.

#7 பழம்பாட்டு

எல்லாம் சரி, கிதார் எதற்கு? தெம்மாங்கு ஒற்றை மெட்டில் ஓடுவது. ஒரே சுரம் வெவ்வேறு வரியில் வெவ்வேறு கனத்தில் விழும். காந்தாரம் சில வாய்களில் பெரிதுக்கும் சின்னதுக்கும் நடுவில் நிற்கும். கீழே கார்டு போட்டதும் அது ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துதான் ஆக வேண்டும். பாட்டு சாயம் போவது அப்படித்தான். தம்புரா செயலி ஸட்ஜம் பஞ்சமம் போதும்.

#8 கம்பித்தந்தி

அய்யா சொல்றது காந்தார விஷயத்துல நூத்துக்கு நூறு. ஆனா பிள்ளைகள் குழுவுல கிதார்க்காரன் இருக்கான், அவனை வீட்டுக்கு அனுப்ப முடியாது. நடுவழி: கூவலுக்கும் முதல் ரெண்டு கண்ணிக்கும் கிதார் ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும் மீட்டட்டும், காந்தாரமே வேண்டாம். மூணாங்கண்ணியில இருந்து கார்டு.

#9 பழம்பாட்டு

மூன்றாவதிலிருந்தும் வேண்டாம் என்பேன். இடையிசையில் வாசிக்கட்டும். உங்கள் இஷ்டம்.

#10 ஏட்டுக்காரர்

சொல்லைப் பற்றி யாரும் பேசவில்லையே. அச்சில் உள்ள தொகுப்புகளைப் பாருங்கள்: மெக்வீன் சேகரித்து கி.வா.ஜகந்நாதன் பதிப்பித்த ‘மலையருவி’ (1958), நா.வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ (1964). வரிகள் அங்கே கிடைக்கும். மெட்டைப் பதிவுகளிலிருந்தோ பாடும் ஆட்களிடமிருந்தோதான் எடுக்க வேண்டும். ஒரே பாட்டு நெல்லையில் ஒரு மாதிரி, மதுரையில் ஒரு மாதிரி, கொங்கில் வேறு மாதிரி. கண்ணி குறைகிறது என்று மூன்றையும் ஒட்டினால் முதல் கண்ணியில் மதுரைக்காரி பேசுவாள், மூன்றாவதில் கோயம்புத்தூர்க்காரி பதில் சொல்வாள். ஒரு வட்டாரத்திலேயே நில்லுங்கள்.

பேச்சு வடிவத்தைத் திருத்தாதீர்கள். ‘வாரேன்’ என்பதை ‘வருகிறேன்’ ஆக்கினால் இரண்டு எழுத்து கூடுகிறது, அதை எங்கே திணிப்பீர்கள்? தகிடவுக்குள் நாலெழுத்து நுழைந்து, தோல்வாசி சொன்ன ‘கதிமி’ அப்படித்தான் பிறக்கிறது. ‘போறவளே’, ‘ஒசந்த’, ‘எளவட்டம்’ எல்லாம் அப்படியே வரட்டும். ஆனால் பொருள் தெரியாத சொல் ஒன்றுகூட வாயில் இருக்கக் கூடாது. ‘கமலை’ என்றால் மாடு கட்டி நீர் இறைக்கும் ஏற்றம் என்று தெரியாமல் தாமரை என்று நினைத்துச் சிரித்தபடி பாடினால் முன் வரிசைப் பெரியவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

எசப்பாட்டில் கேள்வியும் பதிலும் சொல்லால் கோத்திருக்கும். அவன் வரியின் கடைசிச் சொல்லை அவள் முதல் சொல்லாக எடுப்பாள், அல்லது அதே எதுகையில் திருப்பி அடிப்பாள். நேரமில்லை என்று ஒரு கண்ணியை உருவினால் பதில் இருக்கும், கேள்வி இருக்காது. வெட்டினால் ஜோடியாக வெட்டுங்கள்.

#11 கும்மிக்காரி

ஏட்டுக்காரர் அய்யா, பழைய வரிகளில் சாதிப் பெயரைச் சொல்லிக் கேலி பண்ணும் கண்ணிகள் நிறைய உண்டு. தொகுப்பில் அச்சாகியிருக்கிறது என்பதற்காக மேடையில் பாட முடியாது.

#12 ஏட்டுக்காரர்

பாட வேண்டாம் அம்மா, அந்த ஜோடியை விட்டுவிடலாம். ஆனால் சாதிப் பெயர் இருந்த இடத்தில் வேறு சொல் போட்டு, அதையே மூலப்பாட்டு என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஆய்வுக்கு அது பொய்ச்சான்று ஆகிவிடும்.

#13 கும்மிக்காரி

மேடை ஆய்வேடு இல்லையே. இந்தப் பாட்டுகள் வாய்க்கு வாய் மாறித்தான் வந்திருக்கின்றன. இன்றைக்குப் பாடுகிறவர் ஒரு சொல்லை மாற்றினால் மட்டும் அது எப்படிப் பொய்யாகும்? அறிவிப்பில் ‘இரண்டு கண்ணி மாற்றியிருக்கிறோம்’ என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது.

கேட்டவருக்கு இன்னொன்று. பறை வாசிப்பவர்களைப் பின்னால் நிறுத்தி, பாடுபவர் பெயரை மட்டும் திரையில் போடும் பழக்கம் வேண்டாம். வெளியிலிருந்து கலைஞர்களை அழைத்தால் முன்பணம், வண்டிச் செலவு, சாப்பாடு முதலிலேயே பேசிவிடுங்கள்.

குலவை போடப்போகிறீர்களா? கண்ணி முடியும் இடத்தில் போடுங்கள், வரியின் மேல் போடாதீர்கள். மூச்சை வயிற்றில் நிறைத்து நாக்கை மட்டும் ஆட்ட வேண்டும், தாடை ஆடினால் சத்தம் உடையும். மூன்று பேர் போடுவதானால் ஒருவர் தொடங்கி, பாதியில் அடுத்தவர் சேர வேண்டும். உடுக்கை, பம்பையோடு சாமியழைப்பு அடி எதையும் ‘எஃபெக்ட்’டுக்காகச் சேர்க்காதீர்கள். கூட்டத்தில் யாருக்காவது அருள் வந்தால் உங்கள் எட்டு நிமிடம் முடிந்தது.

#14 தோல்வாசி

சூடேற்றும் விஷயம் விட்டுப்போச்சு. வைக்கோல் தீயில் காட்டுவதுதான் முறை. தோலில் ஏறிய ஈரம் போய் இறுகி, ‘பொத்’ என்பது ‘கண்’ என்று மாறும். நெருப்பு கூடாது என்றால் அரங்கத்துக்கு வெளியே முறைப்படி காய்ச்சிக்கொண்டு உள்ளே வாருங்கள். வெளியே மழையோ ஈரக்காற்றோ என்றால் ஒன்றிரண்டு பாட்டுக்குள் இறங்கிவிடும், ஆகவே மேடைக்குப் பக்கத்தில் முடி உலர்த்தும் கருவி ஒன்று. ஒரு சாண் தள்ளிப் பிடித்து, வட்டமாக நகர்த்தி, மூன்று நான்கு நிமிடம். ஒரே இடத்தில் நிறுத்தினால் அந்த இடம் மட்டும் சுருங்கிச் சுருதி கோணும். சட்டத்தில் தோல் ஒட்டியிருக்கும் விளிம்பில் காட்டாதீர்கள். புளியங்கொட்டைப் பசை விட்டால் அன்றைக்கு அந்தப் பறை அவ்வளவுதான்.

ஓரத்தில் நாலு பக்கமும் சுண்டிப் பாருங்கள், நாலும் ஒரே குரலில் வர வேண்டும். ஃபைபர் தோல் போட்ட பறை சூடு கேட்காது. அடி கூர்மையாக வரும், அடிவயிற்றுச் சத்தம் குறைவு. மாற்றுக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம். சுண்டுக்குச்சி கூடுதலாக நாலு. அது மூங்கில், நடுப்பாட்டில் பிளக்கும்.

#15 ஒலிமேசை

மேடை அமைப்பு. பறை இருவரையும் பாடுபவருக்கு நேர் பின்னால் நிறுத்தாதீங்க. மைக்கின் வாய் பாடுபவரைப் பார்க்கும், அவர் தோளுக்கு மேல பறை நேரா உள்ளே வரும். குரலை ஏத்தினா பறையும் ஏறும். ரெண்டு பக்கமும், பாடுபவரை விட ஓரடி முன்னால தள்ளி நிறுத்துங்க, மைக்கின் முதுகு அவங்க பக்கம் இருக்கும். அவங்களும் சபைக்குத் தெரிவாங்க, கும்மிக்காரி அக்கா சொன்னதும் ஆச்சு.

பறைக்கு மைக் வேணுமான்னா, முந்நூறு பேர் அரங்கத்துக்கு வேண்டாம். உறுமிக்கு வேணும், ரெண்டு. அடிக்கிற முகம் தானாவே கேக்கும், அந்த மைக் கொஞ்சம் தள்ளி இருந்தாலும் போதும். தேய்க்கிற முகத்தோட முனகல் மைக் இல்லாம பத்தடி தாண்டாது. அதுக்குக் கிட்டக்க, நாலு விரல் தூரம். குலவைக்குத் தனி மைக், ரெண்டடி தள்ளி.

பாடுபவர் கூவல்ல மைக்கை ஒரு சாண் விலக்கணும், கண்ணியில நாலு விரலுக்கு வரணும். குரலுக்கு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டிடுங்க. எதிரொலி ரொம்பக் குறைவா. கோயில் மண்டப எஃபெக்ட் போட்டா தகிட மூணும் ஒண்ணாக் கலங்கிடும். மானிட்டர்ல (மேடையில இருக்கிறவங்களுக்கே கேக்குற ஸ்பீக்கர்) குரலும் சுருதியும் மட்டும்.

#16 சட்டக்கட்டு

உரிமை. மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்.

மரபாக வரும் வரியும் மெட்டும் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் சினிமா வடிவத்தில் இசையமைப்பாளர் சேர்த்த இடையிசை, பாடலாசிரியர் புதிதாக எழுதிய சரணம், இவற்றுக்கு உரிமை உண்டு. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி படைத்தவர் காலத்துக்குப் பின் 60 ஆண்டு வரை. ஒலிப்பதிவுக்கு உரிமை தனி, அது வெளியானதிலிருந்து 60 ஆண்டு. கரோக்கி வேண்டாம் என்பதற்கு இது இன்னொரு காரணம். உங்கள் வரிகளைப் பழைய தொகுப்போடு ஒப்பிடுங்கள்; சினிமாவில் மட்டும் இருக்கும் வரி, இடையிசை இரண்டையும் எடுத்துவிட்டால் பெரும்பகுதி சிக்கல் போய்விடும். ‘மரபுப் பாட்டு’ என்று நாம் நினைக்கும் சிலவற்றுக்கு ஆசிரியர் இருப்பார், அதையும் பாருங்கள். காவடிச்சிந்தைப் பாடிவிட்டு அண்ணாமலை ரெட்டியார் பெயரைச் சொல்லாமல் இறங்குபவர்கள் உண்டு. உரிமைக் காலம் முடிந்திருக்கலாம், மரியாதைக் காலம் முடியவில்லை.

விழா மேடை: கல்வி நிறுவனத்தின் நடவடிக்கையாக மாணவரும் ஆசிரியரும் நிகழ்த்தி, பார்ப்பவர்களும் மாணவர், ஆசிரியர், பெற்றோர், அந்த நடவடிக்கையோடு தொடர்புடையோர் என்று நின்றால் 52ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. டிக்கெட் போட்டு ஊரைக் கூட்டினால் அந்த விலக்கு இல்லை.

பதிவேற்றம் அந்த விலக்கில் வராது. சினிமா வடிவத்தையே மறுபதிவாக வெளியிடுவதென்றால் 2012 திருத்தத்தில் வந்த 31சி பிரிவு: முதல் ஒலிப்பதிவு நடந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு கழிய வேண்டும், முன்னறிவிப்புத் தர வேண்டும், பணம் முன்கூட்டிக் கட்ட வேண்டும், அதுவும் குறைந்தது 50,000 படிக்கான கணக்கில். மாணவர் குழுவுக்கு ஆகாத வேலை. மரபு வடிவத்தைப் பாடுங்கள்; விவரக் குறிப்பில் ‘மரபுப் பாடல், இசை ஒழுங்கு: எங்கள் குழு’ என்று எழுதுங்கள். பதிவேற்றும் தளத்தின் தானியங்கிப் பொறி மெட்டைக் கேட்டுவிட்டு யாரோ ஒருவர் பெயரில் உரிமை கோரும். அப்போது தொகுப்பு நூலின் பக்கத்தைக் காட்டி மறுப்பு அனுப்பலாம். மெட்டை உங்கள் சொந்தப் படைப்பாக மட்டும் பதிந்துவிடாதீர்கள்.

#17 வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. 4 கட்டை, ஆறு கண்ணி, ஒவ்வொரு வரியையும் பின்பாட்டு திருப்பிச் சொல்லும். வரிக்கு 8 துடிப்பு. நேரம் சரியாக வருமா?

#18 தோல்வாசி

92 வேகத்தில் 8 துடிப்பு 5.2 வினாடி. கண்ணிக்கு இரண்டு வரி, திருப்பிச் சொல்வதோடு நாலு: 21 வினாடி. ஆறு கண்ணிக்கு 125. கூவல் 20, இடையிசை 16 துடிப்பு வீதம் இரண்டு என்றால் 21, முடிப்பு 15. மொத்தம் மூன்று நிமிடம். எட்டில் ஐந்து மிச்சம் என்று கண்ணியைக் கூட்டாதீர்கள். உறுமிக்கு இரண்டு மைக் மாட்டி, கேப்போ போட்டு, சுருதி சரிபார்க்கவே மூன்று நிமிடம் ஓடும்.

கிடைக்கும் நேரத்தை இடையிசையில் போடுங்கள். இரண்டாவதை 32 துடிப்பாக்கி, பறை இரண்டும் கேள்வி-பதில் அடிக்கட்டும், கிதார் அங்கே சும்மா இருக்கட்டும். பழம்பாட்டு அய்யாவும் சமாதானம் ஆவார்.

#19 பழம்பாட்டு

ஆக மாட்டேன். ஆனால் வந்து கேட்பேன்.

#20 கட்டைக்கணக்கு

முடிப்பு பத்தி ஒரு வார்த்தை. தீர்மானம் (பாட்டை முடிக்க அடிக்கிற தாளக்கோவை) மூணு தடவை அடிக்கிறப்ப பாடுறவங்க கடைசிச் சொல்லை இழுத்துக்கிட்டே நிக்க வேண்டாம், மூச்சு போயி சுருதி கீழ சரியும். சொல்லை முடிச்சிடுங்க. பறை மூணாவது தீர்மானத்தைச் சமத்துல போட்ட உடனே குலவை. அதுக்கப்புறம் யாரும் எதுவும் தட்டக்கூடாது, முக்கியமா கிதார்.